மன்றாடியின் துவாய்

மார்ச் 1, புதன்

என் பெயர் மனுவேற்பிள்ளை. வயது எழுபத்தெட்டு. இந்த வரியை நானே எழுதினேன். யாரும் கை பிடிக்கவில்லை.

பத்மலோஜினி ரீச்சர் ரொறன்ரோவில் இருந்துகொண்டு திரையில் எங்களுக்குப் படிப்பிக்கிறார். ஏழு பேர் படிக்கிறோம். என்னைவிட மூத்தவர் ஒருவர்தான். இனி ஒவ்வொரு நாளும் திகதி போட்டு, கண்டதை எழுதுங்கள் என்று போன சனிக்கிழமை சொன்னார். திகதி போடுவது எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. எத்தனை ஆயிரம் நாட்கள் திகதி இல்லாமலே போய்விட்டன.

இன்று கண்டது: மழை. கடற்காகம் நாலு. விரல் நோகிறது.

மார்ச் 2, வியாழன்

எங்கே இருக்கிறேன் என்று எழுத மறந்துவிட்டேன். இது கனடாவின் மேற்குப் பக்கம், வன்கூவர் தீவு. மகள் மெற்றில்டாவின் வீடு. அவளுக்கு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. மருமகன் வடக்கே மரம் வெட்டும் இடத்தில் இருக்கிறார், மாதத்துக்கு ஒருதரம் வருவார். வீட்டிலிருந்து கடல் ஐந்து நிமிட நடை. எனக்குப் பத்து.

நான் முல்லைத்தீவுக் கரையில் மன்றாடியாக இருந்தவன். கரைவலைத் தொழில். வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போய் மீன் கூட்டத்தைச் சுற்றிவர விட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்க வேண்டும். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் நிற்கும் இடத்தைச் சொல்கிறவன் மன்றாடி. அவன் கரையில்தான் நிற்பான். குரல் வள்ளத்துக்குக் கேட்காது. ஆகவே தோளில் கிடக்கும் துவாய்த் துண்டை வீசுவான். வடக்கே போ, தெற்கே திரும்பு, வலையை விடு, எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரைக்கு வா. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீச்சு. தலைக்குமேல் சுற்றினால் ஒன்று, இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அடித்தால் இன்னொன்று.

இன்று பதினேழு வரி. ரீச்சர் மயங்கி விழப்போகிறார்.

மார்ச் 3, வெள்ளி

என் மனைவி பிலோமினாவுக்குக் காது கேட்காது. கடைசிச் சண்டையில் பக்கத்தில் ஷெல் விழுந்த நாளோடு போய்விட்டது. அவள் பேசுவாள். நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்காது. மகள் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டுவாள். எனக்கு எழுத்துத் தெரியாததால் பதின்மூன்று வருடம் கையாலும் முகத்தாலும் சமாளித்தேன். சோறு, தண்ணீர், குளிர், கோபம். இந்த நாலுக்கும் கை போதும்.

இப்போது எழுதிக் காட்டுகிறேன். முதல்முதல் எழுதிக் காட்டியது "தேத்தண்ணி நல்லது". அவள் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு இன்னும் படிப்புக் காணாது.

இன்று ஊரிலிருந்து கில்டா கூப்பிட்டாள். கபிரியேலின் மகள். கபிரியேல் பிலோமினாவின் தம்பி, எனக்கு மச்சான். அவனுக்கு ஈரல் பழுதாகிவிட்டதாம். டொக்டர்மார் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். அக்காவின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். போனில் முகம் தெரியும்தானே.

மெற்றில்டா எழுதிக் காட்டினாள். பிலோமினா வாசித்தாள், தாளை மடித்தாள், கறிக்கு வெங்காயம் வெட்டப் போனாள்.

அவள் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசி முப்பத்தொரு வருடம். எங்கள் மகன் யூட் கடலில் போன நாளிலிருந்து.

மார்ச் 4, சனி

வகுப்பு. என் பதினேழு வரியை ரீச்சர் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். மூத்தவர் கை தட்டினார்.

பின்னேரம் கடற்கரைக்குப் போனேன். ஹெரிங் என்ற மீன் சினை விட வருகிற காலம் இது. எங்கள் சூடை மீனின் தமையன் மாதிரி, சாண் நீளம், வெள்ளி உடம்பு. வருடத்தில் ஒரு முறை கரையோரப் பாசியில் முட்டை ஒட்டிவிட்டுப் போகும். மீன் இன்னும் வரவில்லை. ஆனால் தின்ன வந்தவர்கள் வந்துவிட்டார்கள். கடற்சிங்கங்கள் திருநாள் முடிந்து களைத்த சனம்போலப் பாறையில் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. ஒன்று புரண்டால் பத்துக் கத்துகிறது. ஒரே மரத்தில் வெள்ளைத்தலைக் கழுகு பதினொன்று எண்ணினேன். படகுகளும் வந்து நிற்கின்றன. பெரியவை சுருக்கு வலைப் படகுகள். நாள் முழுக்கக் காத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் காத்திருப்புத் தெரியும்.

மார்ச் 6, திங்கள்

யூட்டைப் பற்றி எழுதுகிறேன்.

பத்தொன்பது வயது. வள்ளத்தில் வலை விடுகிறவன் அவன். சுக்கான் பிடித்தது கபிரியேல். வலை பாதி விட்டிருந்தபோது வடகிழக்கில் மழை இருட்டுக் கிளம்பியது. காற்று அடித்து, வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. யூட்டின் காலில் வலைக் கயிறு. மற்ற நாலு பேரும் நீந்தி வந்தார்கள். கயிறு இழுக்கிற ஆட்கள் அந்த நேரம் வாடிக் கொட்டிலுக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்றது நான் மட்டும்.

கரைக்கு வா என்று துவாய் வீசினேன், கபிரியேல் பார்க்கவில்லை. அப்படித்தான் எல்லாருக்கும் சொன்னேன்.

தாய் செத்த பிறகு கபிரியேலை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் பிலோமினா. அவன் முதல் கேட்ட பாட்டும் அவள் பாடியதுதான். செத்தவீட்டில் அவன் வந்து அவள் காலடியில் இருந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

இதை எழுத இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கொப்பியை என் ஜக்கெற்றின் உள் பையில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 8, புதன்

வந்துவிட்டது.

விடிந்து போனேன். கடல் வெள்ளை. நம்பமாட்டீர்கள், பாலில் துளி நீலம் விட்டுக் கலக்கியதுபோல, கரையிலிருந்து கண் எட்டும் வரை. ஆண்மீன்கள் விடும் வெள்ளை அது. பெண்மீன்கள் பாசியில், கல்லில், கயிற்றில், கண்டதிலெல்லாம் முட்டை ஒட்டுகின்றன. குனிந்து ஒரு பாசியை எடுத்தேன். ரவைபோல அப்பிக்கொண்டிருந்தது. வாயில் போட்டேன். நறுக்கென்று உடைந்து உப்பாக இருந்தது. சிரித்துவிட்டேன். பக்கத்தில் நாயோடு நின்ற வெள்ளைக்காரப் பெண்ணும் சிரித்தாள்.

கடற்புறாக்கள் எத்தனை ஆயிரம் என்று எண்ணிவிட முடியாது. கடற்சிங்கங்கள் தண்ணீருக்குள் வரிசையாகப் போய் மீனைக் கரைப்பக்கம் நெருக்குகின்றன. அவையும் கரைவலைதான் போடுகின்றன. வலை மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்து பிலோமினாவுக்கு எழுதிக் காட்டினேன்: "கடல் பால் மாதிரி. ஞாயிறு பூசை முடிய வா." அவள் தலையாட்டினாள்.

அந்தத் தாளிலேயே கீழே இன்னும் இடம் இருந்தது. பேனையும் கையில் இருந்தது. எழுதவில்லை.

மார்ச் 9, வியாழன்

இந்த மண்ணின் பழைய குடிகள் இரண்டு பேர் சின்னப் படகில் வந்து, மரக்கொப்புகளைக் கல் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார்கள். ஹெரிங் அதில் முட்டை ஒட்டுமாம், பிறகு கொப்போடு எடுத்துத் தின்பார்களாம். நாங்கள் கணவாய்க்குக் கொப்பு இறக்குவோம். அதே கல், அதே முடிச்சு. கையைக் காட்டினேன். அவர்களும் காட்டினார்கள். இன்று முழுக்க எனக்கு அந்தச் சந்தோஷம்தான்.

இப்போது உள்ளதை எழுதுகிறேன். நான் எழுத்துப் படிக்கப் போனது பேப்பர் வாசிக்க இல்லை. பிலோமினாவுக்கு ஒரு விஷயம் எழுத வேண்டும். அவளுக்குக் காது கேட்ட காலத்தில் எனக்கு வாய் வரவில்லை. காது போன பிறகு சொல்ல வேண்டுமென்றால் தெரு கேட்கக் கத்த வேண்டும். எழுத்து வந்தால் சத்தமில்லாமல் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எழுத்து வந்துவிட்டது.

மார்ச் 10, வெள்ளி

கில்டா திரும்பவும் கூப்பிட்டாள். கபிரியேல் சாப்பாட்டை விட்டுவிட்டானாம். "மாமியிட்ட இன்னொருக்காக் கேளுங்கோ மச்சாள், அப்பா ஒண்டும் கதைக்கமாட்டாராம், பாத்தாக் காணுமாம்" என்று மெற்றில்டாவிடம் அழுதாள்.

மெற்றில்டா எல்லாவற்றையும் எழுதித் தாயின் முன்னால் வைத்தாள். பிலோமினா வாசித்துவிட்டுத் தாளைக் குப்புறத் திருப்பி வைத்தாள்.

"அவன் அண்டைக்கு என்ர பிள்ளைக்காக ஒருக்காக் கரையப் பாத்திருந்தா, நான் இண்டைக்கு அவன ஆயிரந்தரம் பாப்பன்" என்றாள்.

மெற்றில்டா என்னைப் பார்த்து, அப்பா, நீங்களாவது சொல்லுங்கோ என்றாள். நான் கடலைப் பார்த்துவிட்டு வாறன் என்று எழும்பிப் போனேன்.

படகுகள் எட்டு. கழுகு பதினாறு.

மார்ச் 11, சனி

வகுப்புக்குப் போகவில்லை. எழுதினேன். கிழித்தேன். கடல் இன்றும் வெள்ளை.

மார்ச் 12, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பூசை முடிந்து மெற்றில்டா எங்களைக் காரில் கடற்கரைக்குக் கொண்டுபோனாள். குளிர் காற்று. பிலோமினா காருக்குள்ளேயே போர்வையோடு இருந்தாள். கண்ணாடி வழியாகக் கடல் தெரியும். நான் பாறை நுனிவரை போனேன்.

சுருக்கு வலைப் படகு ஒன்று வடக்கே தலை திருப்பிப் போய்க்கொண்டிருந்தது. தெற்கே, இருநூறு பாகம் தள்ளி, தண்ணீர் கறுத்து நின்றது. அந்தக் கறுப்பை நான் எங்கே கண்டாலும் அறிவேன். மேலே பறவை இல்லை, ஆழத்தில் நிற்கிறது, கூட்டம் முறியவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தை என் வாழ்க்கையில் இரண்டாம்தரம் காண்கிறேன். அந்த மடையர்கள் அதை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கழுத்தில் இருந்த சிவப்புக் கம்பளித் துணியை நானாகக் கழற்றவில்லை. கை கழற்றியது. வீசினேன். தெற்கே, தெற்கே. தலைக்குமேல் சுற்றி, விடு, விடு, வலையை விடு. கால் இடறியும் நிறுத்தவில்லை. எனக்குத் திரும்பவும் நாற்பத்தேழு வயதாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு செம்மஞ்சள் நிறப் படகு சீறிக்கொண்டு எனக்கு நேரே வந்தது. தலைக்கவசம் போட்ட இரண்டு பேர். நான் உதவி கேட்டு வீசுகிறேன் என்று யாரோ அறிவித்திருக்கிறார்கள். மெற்றில்டா ஓடிவந்து அவர்களோடு ஆங்கிலத்தில் கதைத்தாள்.

"அப்பா, நீங்கள் கடலுக்க விழப்போறியள் எண்டு நினைச்சிட்டினம்" என்றாள். "அந்தப் படகுகள் ஏன் போகுது தெரியுமே? அங்க பாருங்கோ."

தென்கிழக்கில் வானம் மை பூசினதுபோல இருந்தது. புயல் வருகிறதாம், காலையிலிருந்தே அறிவித்தல். படகுகள் எல்லாம் துறைக்கு ஒதுங்குகின்றன.

அந்த இருட்டை நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். மீன் நின்ற பக்கமே அதுவும் நின்றது. பார்த்துக்கொண்டேதான் வீசினேன்.

அவர்கள் இரண்டு பேரும் சிரித்து, என் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். நானும் சிரித்துக்கொண்டே காருக்கு வந்தேன். பிலோமினா சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளின் தகப்பனும் மன்றாடி. அவர் முற்றத்தில் வீசிக் காட்டி, துவாயின் ஒவ்வொரு வீச்சும் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் தொழிலில் நிற்கும்போது அவள் ஒருநாளும் கரைக்கு வந்ததில்லை. பெண்கள் வந்து நின்றால் மீன் கலையும் என்று எங்கள் கரையில் ஒரு வழக்கம். நான் துவாய் வீசுவதை இன்றுதான் அவள் முதன்முதல் கண்டாள்.

மார்ச் 13, திங்கள்

நேற்று எழுதி முடியவில்லை. மிச்சத்தை இன்று எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கோட்டைக் கழற்றாமல் மேசையில் இருந்தாள். சுவர் மணிக்கூட்டில் இரண்டே முக்கால்.

"இஞ்சாருங்கோ" என்றாள். "அண்டைக்கும் இப்பிடித்தானே வீசினனீங்கள்?"

நான் விளங்காததுபோல நின்றேன். கையை விரித்தேன்.

"இருட்டு வாறதப் பாத்துக்கொண்டு, விடு விடு எண்டு." அவளுக்குத் தன் குரல் கேட்காது, அதனால் எப்போதும் உரத்துப் பேசுவாள். இது மெல்லமாக வந்தது. மெற்றில்டாவின் தாள்கட்டை என் முன்னால் தள்ளி, மேலே பேனையை வைத்தாள். "எழுதுங்கோ. இப்ப எழுதத் தெரியுமெல்லோ."

பேனையை எடுத்தேன். பொய்யும் எழுதலாம், எழுதிய கைக்கு ஒன்றும் ஆகாது. காற்று என்று எழுதலாம். மறந்துவிட்டேன் என்று எழுதலாம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணிக்கூட்டு முள் மூன்றைத் தாண்டியது. மூன்றரையும் தாண்டியது. மெற்றில்டா இரண்டுதரம் வந்து போனாள்.

"ஓம்" என்று எழுதினேன்.

அவள் அந்த ஒரு சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப அவன் ஏன் பாக்கேல்ல எண்டு சொன்னவன்?" என்று கேட்டாள்.

அதையும் அவளுக்கு எழுதினேன்: அன்று கரையில் சனம் கூடி நின்று ஏன் திரும்பவில்லை என்று கேட்டபோது, கபிரியேல் ஒருதரம் என் முகத்தைப் பார்த்தான். ஓடிவந்து நின்ற உன்னைப் பார்த்தான். பிறகு எல்லாருக்கும் கேட்க, நான் பாக்கேல்ல என்றான். பிறகு நானும் அதையே எல்லாருக்கும் சொன்னேன். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த அக்காவுக்குப் புருசனாவது மிஞ்சட்டும் என்று அவன் நினைத்திருப்பான். நான் அவனிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

அவள் முழுவதையும் வாசித்தாள். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி, "மெற்றில், தம்பிக்கு எடு" என்றாள். முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னாள்.

நாலு மணிக்கு எடுத்தோம். அங்கே விடியப்புறம். கில்டாவின் முகம் வந்தது. பின்னால் ஆட்கள் நடமாடினார்கள். யாரோ மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணித்தியாலம் முந்தித்தான் உயிர் போனது என்றாள் கில்டா.

பிலோமினாவுக்குக் கேட்கவில்லை. போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, "தம்பி, தம்பி, இஞ்ச பார், அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மெற்றில்டா தாளில் எழுதப் போனாள், எழுத முடியாமல் அழுதாள். கில்டாதான் போனைத் திருப்பிக் காட்டினாள்.

ஒரு மணித்தியாலம் முந்தி என்றால் இங்கே மூன்று மணி. மூன்று மணிக்கு நான் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

மார்ச் 14, செவ்வாய்

புயல்.

மார்ச் 16, வியாழன்

கடல் தெளிந்துவிட்டது. வெள்ளை இல்லை. புயல் அறுத்த பாசி முழுக்க முட்டையோடு முழங்கால் உயரத்துக்குக் கரையில் கிடக்கிறது. கடற்புறாக்கள் தின்ன முடியாமல் நிற்கின்றன. மணம் வீடுவரை வருகிறது. படகு ஒன்றுமில்லை.

பிலோமினா என் சாப்பாட்டை நேரத்துக்கு மேசையில் வைக்கிறாள். கூப்பிடுவதில்லை. மகளின் அறையில் படுக்கிறாள். ஐம்பத்துமூன்று வருடத்தில் பிள்ளைப்பெறுவுக்குத் தவிர அவள் வேறு அறையில் படுத்ததில்லை.

"பாசியில் முட்டை கிடக்கு" என்று எழுதிக் காட்டப் போனேன். அவள் தாளைக் கையில் வாங்கவில்லை.

மார்ச் 18, சனி

வகுப்பு. மற்றவர்கள் வாசித்தார்கள். என்னை வாசிக்கச் சொன்னபோது மைக் வேலை செய்யவில்லை என்று கையால் காட்டினேன்.

மார்ச் 21, செவ்வாய்

இன்று பிலோமினா என் அறைக்கு வந்தாள். நல்ல வெள்ளைத் தாள், கோடு போட்டது, ஐந்து. உறையும் கொண்டுவந்தாள்.

"நடந்தத எழுதுங்கோ. தம்பியின்ர முப்பத்தோராம் நாள் பூசையில வாசிக்கோணும்" என்றாள். "கரைச் சனம் எல்லாம் வரும். அவன்ர பேரப்பிள்ளையள் வரும். அதுகள் கேக்கட்டும்."

மெற்றில்டா, அம்மா, அப்பாவுக்கு இந்த வயதில் ஏன் என்று எழுதிக் காட்டினாள். பிலோமினா உறையை எடுத்துத் தாள்களுக்குமேல் வைத்தாள். நானும் மெற்றில்டாவிடம் மறிக்க வேண்டாம் என்றேன். அப்ப நான் எழுதித் தாறன் என்றாள் மகள். அதற்கும் வேண்டாம் என்றேன்.

மார்ச் 24, வெள்ளி

மூன்று நாளாக எழுதினேன். நாலு தாள் பழுதாகிவிட்டது. ஐந்தாவதில் எழுதியதை இங்கேயும் பார்த்து எழுதுகிறேன்.

"கரைச் சனத்துக்கு மன்றாடி மனுவேற்பிள்ளை எழுதுவது. என் மகன் யூட் கடலில் போன நாளில் கபிரியேல் கரையைப் பார்த்தான். என் துவாயைப் பார்த்தான். நான் வலையை விடு என்று வீசினேன். அவன் விட்டான். மழை இருட்டு வந்ததை நான் கண்டேன். மீனையும் கண்டேன். அவ்வளவு மீனை விட எனக்கு மனம் வரவில்லை. கரைக்கு வா என்று வீசியபோது பிந்திவிட்டது. கபிரியேல் பார்க்கவில்லை என்று நான் சொன்னது பொய். அவன் அதைத் தன்மேல் எடுத்துக்கொண்டான். நான் எடுக்க விட்டேன். அவனில் ஒரு குற்றமும் இல்லை."

பிலோமினா நின்றபடியே வாசித்தாள். இரண்டாம்தரமும் வாசித்தாள். பிறகு தாளைத் திரும்ப மேசையில் வைத்து, அடியில் வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டினாள்.

"பேர் போடுங்கோ. தகப்பன்ர பேரோட, முழுக்க."

போட்டேன். சந்தியாப்பிள்ளை மனுவேற்பிள்ளை. அவள் உறைக்குள் வைத்து நாக்கால் ஒட்டி, கில்டாவுக்கு அனுப்பச் சொல்லி மெற்றில்டாவிடம் கொடுத்தாள்.

ஏப்ரல் 11, செவ்வாய்

இங்கே மாலை. அங்கே விடிந்து புதன். முப்பத்தோராம் நாள்.

மெற்றில்டா போனை மேசையில் சாய்த்து வைத்தாள். கோயில் நிறையச் சனம். எனக்குத் தெரிந்த முகங்கள் கிழடாகிவிட்டன. பூசை முடிய கில்டா எழும்பி வந்து உறையை உடைத்தாள். வாசித்தாள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அன்று வள்ளத்திலிருந்து நீந்தி வந்த நாலு பேரில் ஒருவன், லியோன், முன்வாங்கில் இருந்தான். வாசித்து முடிக்கும்வரை அவன் தலையை நிமிர்த்தவில்லை.

பிலோமினாவுக்குக் கேட்காது. திரையில் கில்டாவின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் நின்றதும் என் பக்கம் திரும்பினாள்.

"வாசிச்சிட்டாளோ?"

ஓம் என்று எழுதிக் காட்டினேன்.

"முழுக்கவோ? பேரும்?"

அதே ஓமைத் திரும்பவும் காட்டினேன்.

எழும்பி மகளின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. விளக்கும் எரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

நான் வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை. அங்கேயே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து இதை எழுதுகிறேன்.